முதல் கண்ணி: வத்தல்மலைக் காபியும் டிஜிட்டல் தடமறிதலும்

தர்மபுரியிலிருந்து வத்தல்மலை சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் கொமத்தம்பட்டி அடிவாரத்தைத் தாண்டினால் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றியங்காடு என்று சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் கடுகும் விளைவிக்கிறார்கள். மர நிழலில் காபியும், அதே மரங்களைப் பற்றி ஏறும் மிளகும் உண்டு. மலைக்குத் தார்ச்சாலை வந்தது இந்த நூற்றாண்டில்தான். பேருந்து அதற்கும் பின்னால் வந்தது.

இப்படிப்பட்ட மலையிலிருந்து இறங்கும் காபி மூட்டையிடம் உலகச் சந்தை இப்போது புதிதாக ஒன்றைக் கேட்கிறது. எந்த நிலத்தில் விளைந்தது, அந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை என்ன, அங்கே காடு எப்போது அழிந்தது, அழிந்ததா இல்லையா? விலையும் தரமும் மட்டும் பேசிவந்த வியாபாரத்தில் இது பெரிய மாற்றம். பதில் சொல்லச் செயலிகளும் செயற்கைக்கோள் படங்களும் பிளாக்செயின் பதிவேடுகளும் வரிசையில் நிற்கின்றன. சுற்றுச்சூழலைக் காக்கவும், சிறு விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்கவும் இவையே வழி என்று கருத்தரங்குகளில் பேசப்படுகிறது.

இந்தப் பேச்சு பாதிதான் உண்மை. தடம் அழிவது இணையத்தில் அல்ல, மலை ஊரின் உலர்களத்தில். முதல் கண்ணி யார் கையில் இருக்கிறதோ அவர் கைக்கே டிஜிட்டல் பதிவின் பலனும் போகும்.

கேள்வி எங்கிருந்து வருகிறது

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புக்கு எதிரான ஒழுங்குமுறை ஒன்றை இயற்றியது. அதன் எண் 2023/1115; நடைமுறைக்கு வந்த நாள் 2023 ஜூன் 29. காபி, கொக்கோ, செம்பனை எண்ணெய், ரப்பர், சோயா, மரம், கால்நடை ஆகிய ஏழும் அதன் வரம்புக்குள் வருகின்றன. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பொருள் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையக் கூடாது. விளைந்த நாட்டின் சட்டப்படியும் அது விளைந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் இறக்குமதியாளர் ஆராய்ந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக ஒவ்வொரு விளைநிலத்தின் புவி அமைவிடமும் வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லையைச் சுற்றிப் பல புள்ளிகள். அதற்குக் குறைவென்றால் ஒரே புள்ளி போதும், ஆனால் ஆறு தசம இலக்கத் துல்லியத்தில்.

விதியை அமலாக்குவதாகச் சொன்ன நாள் 2024 டிசம்பர் 30. அது ஓராண்டு தள்ளிப்போனது. 2025 இறுதியில் மறுபடியும் தள்ளிப்போய், பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, குறு, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்று ஆகியிருக்கிறது. இடையில் 2025 மே மாதம் வெளியான நாடுகளின் தரவரிசையில் இந்தியா ‘குறைந்த அபாய’ நாடுகளின் பட்டியலில் இடம்பெற்றது. இதனால் சோதனைகள் குறையும். அமைவிடம் கொடுக்கும் கடமை குறையாது.

இந்தியாவுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் டன் விளையும் இந்தியக் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏற்றுமதியாகிறது. அதை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்துடையது. தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீத அளவில்தான். நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, சேர்வராயன் மலை ஆகியவற்றுக்கு அடுத்து எங்கோ ஓர் ஓரத்தில் வத்தல்மலை வருகிறது. ஆனால் விதி ஓரத்தில் இருப்பவரை விட்டுவைப்பதில்லை. கொள்கலன் ஒன்றில் 60 கிலோ மூட்டைகள் 320, அதாவது 19.2 டன் காபி ஏறும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 300 கிலோ கொட்டை எடுக்கும் சிறு விவசாயிகள் 64 பேர் சேர்ந்தால்தான் அந்தக் கொள்கலன் நிறையும். 64 நிலங்களுக்கும் புள்ளி வேண்டும். காடழிப்பில்லாத சரக்கோடு தோற்றம் தெரியாத சரக்கைக் கலந்து கணக்கில் ஈடுகட்ட விதி இடம் தரவில்லை. ஒரு புள்ளி தவறினால் கொள்கலன் முழுவதும் கேள்விக்குறிதான்.

அரை ஏக்கரும் செயற்கைக்கோளும்

ஆறு தசம இலக்கம் என்றால் தரையில் சுமார் 11 சென்டிமீட்டர் துல்லியம். கையில் இருக்கும் கைபேசியோ திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். அடர்ந்த மர நிழலில் இன்னும் பிசகும். எண்ணில் ஆறு இலக்கம் எழுதிவிடலாம், அந்த எண் உண்மையான இடத்தைக் காட்டும் என்று சொல்ல முடியாது.

மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் 30-க்கு 30. அரை ஏக்கர் காபி நிலம் முன்னதில் சுமார் இருபது கட்டம். பின்னதில் இரண்டே இரண்டு. ஓரமாக நிற்கும் பலா மரம் ஒன்றின் நிழலே இந்தக் கணக்கை மாற்றிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் காபி வளரும் விதத்தில் இருக்கிறது. பிரேசிலின் பெரும்பாலான தோட்டங்களில் காபி வெயிலில் நிற்கிறது. நம் மலைகளில் அது மரங்களுக்கு அடியில் வளர்கிறது. மேலே சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை, இடையில் மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி. வானிலிருந்து பார்த்தால் இது காடுதான். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் வரையறையை ஒட்டியே ஐரோப்பிய விதியும் காட்டை வரையறுக்கிறது: அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை. விவசாயப் பயன்பாட்டில் உள்ள நிலம் இதில் சேராது என்று விதி சொல்கிறது. செயற்கைக்கோளுக்கு அந்த விலக்கு தெரியாது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2020-ம் ஆண்டுக்கு வெளியிட்ட உலகக் காட்டு வரைபடத்தைப் பற்றி எழுந்த விவாதங்களில் ஒன்று இதுதான்: நிழலில் வளரும் காபி, கொக்கோ நிலங்களை வரைபடம் காடாகக் காட்டிவிடலாம்.

அதன் விளைவைப் பாருங்கள். விவசாயி ஒருவர் மகளின் படிப்புச் செலவுக்காக நிலத்திலுள்ள சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்கிறார். மேலிருந்து அது காடழிப்பாகத் தெரியும். இன்னொருவர் பழைய நாட்டு மரங்களைச் சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, வேகமாக வளரும் சில்வர் ஓக்கை வைக்கிறார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. பறவைக்கும் தேனீக்கும் மண்ணுக்கும் நேர்ந்த இழப்பு பெரிது. ஆனால் படத்தில் பச்சை பச்சையாகவே இருக்கும். கேடில்லாததைக் கேடு என்றும், கேட்டைக் கேடில்லாதது என்றும் சொல்லும் சாட்சியை மட்டும் நம்பி நிலத்தின் நலனைத் தீர்மானிக்க முடியாது. நிலத்தில் இறங்கி, எந்த மரம் எப்போது வைத்தது, எது ஏன் வெட்டப்பட்டது என்று எழுதி வைக்க ஊரில் ஆள் வேண்டும்.

களத்தில் கலையும் தடம்

அரேபிகா காபிப் பழம் நவம்பர் வாக்கில் பழுக்கத் தொடங்குகிறது. ஒரே கிளையில் பச்சைக்காயும் சிவந்த பழமும் சேர்ந்து நிற்கும். சிவந்ததை மட்டும் பறித்து, பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்து பறிக்க வேண்டும். பறித்த பழத்தை அன்றே தண்ணீரில் கொட்டி மிதப்பதை நீக்கி, பல்ப்பரில் தோலுரித்து, வழவழப்பு நீங்க ஒருநாள் ஒன்றரை நாள் புளிக்க வைத்துக் கழுவி, மேடையில் பரப்பி உலர்த்தினால் உட்தோலோடு கூடிய ‘பார்ச்மென்ட்’ காபி கிடைக்கும். ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை என்பது தோராயக் கணக்கு.

இதற்குப் பல்ப்பர் வேண்டும், தண்ணீர் வேண்டும், சிமெண்டுக் களமோ வலைக்கட்டிலோ வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் கையில் கொஞ்சம் காசு இருக்க வேண்டும். இவை இல்லாத சிறு விவசாயிக்கு எளிய வழி, பச்சையும் சிவப்புமாக ஒரேயடியாக உருவிப் பறித்து, பழத்தோடு மண் தரையில் காயப்போட்டு, வற்றிய பழமாக விற்றுவிடுவது. மண்ணில் காய்ந்த பழத்துக்கு மண் வாடை ஏறும். ஈரம் சரியாக இறங்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் ஓக்ராடாக்சின் நஞ்சுக்கு ஐரோப்பா 2023 முதல் வறுத்த காபியில் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நம் விஷயம் வருகிறது. வியாபாரியின் கிடங்கில் பெரியூர்ப் பழமும் பால்சிலம்புப் பழமும் வேறு மலைப் பழமும் ஒரே குவியலாகின்றன. அந்த நிமிடத்தில் தடம் அறுந்துவிட்டது. அங்கிருந்து உலர் ஆலைக்கும் ஏற்றுமதியாளருக்கும் போகும்போது எவ்வளவு நுட்பமான பதிவேட்டை வைத்தாலும், குவியலைப் பிரித்து யாருடைய பழம் எது என்று சொல்ல எந்த மென்பொருளுக்கும் இயலாது. தன் காபி உள்ளூர் வறுவல் கடைக்குப் போனதா, கடல் கடந்ததா என்பதை விளைவித்தவரும் அறிய வழியில்லை.

இந்தக் கலப்புக்கு வியாபாரியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பறிப்புக்கு முன்பே முன்பணம் தருவதும், வண்டி கொண்டு வந்து ஏற்றிப் போவதும் அவர்தான். மத்திய அரசின் காபி வாரியம் முன்பு எல்லாக் காபியையும் பொதுத் தொகுப்பில் வாங்கி, தரப்புள்ளிக்கேற்ப விலை கொடுத்துவந்தது. 1990-களில் அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் சந்தை முழுதாகத் திறந்துவிடப்பட்டது. பெரிய தோட்டக்காரர்கள் ஏலத்துக்கும் ஏற்றுமதிக்கும் நேரே போனார்கள். மலையின் சிறு விவசாயியிடம் வந்து சேர்ந்த சந்தை என்பது ஒரு வண்டியும் ஒரு தராசும்தான்.

திராட்சையும் கப்பலும் கற்பித்தவை

டிஜிட்டல் தடமறிதல் இந்தியாவுக்குப் புதிதல்ல. 2003-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் அதிகமிருப்பது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபிடா 2006-ல் கிரேப்நெட் என்ற இணையப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. நிலம் பதிவாகும், மாதிரி எடுக்கப்படும், ஆய்வக முடிவு இணையத்தில் ஏறும், அதற்குப் பிறகே பெட்டி கப்பலேறும். மகாராஷ்டிரத் திராட்சைக்கு அது நல்ல பெயர் வாங்கித் தந்தது. ஆனால் 2010-ல் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சி ஒழுங்கியின் எச்சத்தால் ஐரோப்பாவில் மறுபடியும் பெரும் சிக்கல் வந்தது. அந்தப் பொருளைச் சோதிக்கும் பட்டியலிலேயே நம் ஆய்வகங்கள் வைத்திருக்கவில்லை. பதிவேடு ஒழுங்காகத்தான் இருந்தது, கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

கிரேப்நெட் நிலைத்ததற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமல்ல. 1991-லேயே மகாகிரேப்ஸ் என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்று சேர்ந்து ஏற்றுமதிக்கு இறங்கியிருந்தன. குளிர்பதனக் கிடங்குகளும் ஆய்வகங்களும் இருந்தன. அந்தக் கட்டடத்தின் மேல்தான் மென்பொருள் ஏறியது.

அடித்தளம் இல்லாமல் மேல்தளம் கட்டியதற்கும் உதாரணம் உண்டு. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-ல் தொடங்கிய டிரேட்லென்ஸ், உலகச் சரக்குப் போக்குவரத்து ஆவணங்களை பிளாக்செயினில் ஏற்றப்போவதாக அறிவித்தது. 2022 நவம்பரில் அதை மூடுவதாக அவர்களே அறிவித்தார்கள். போதுமான அளவில் மற்றவர்கள் ஒத்துழைக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். போட்டியாளர் நடத்தும் பதிவேட்டில் தன் தரவைக் கொட்ட யாருக்கும் மனம் வராது.

இந்தியக் காபி வாரியமும் 2019 மார்ச்சில் பிளாக்செயின் அடிப்படையிலான மின்சந்தை ஒன்றைத் தொடங்கியது. விவசாயியையும் வாங்குபவரையும் நேரடியாக இணைப்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் வற்றிய பழத்தைத் தனி மூட்டையாகக் கட்டி, தரம் பார்த்து, எண் போட்டு வைத்திருக்கும் விவசாயிக்குத்தான் அந்தச் சந்தையில் விற்க ஏதாவது இருக்கும். பிளாக்செயின் எழுதியதை அழிய விடாது. எழுதியது மெய்யா என்று அதற்குத் தெரியாது.

ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கு வேறு வழியில் போனது. அங்குள்ள பழங்குடி விவசாயிகளோடு நாந்தி அறக்கட்டளை பல ஆண்டுகள் வேலை செய்து, அவர்களின் கூட்டுறவுச் சங்கம் வழியே சிவந்த பழத்தைச் சேகரித்து மையமாகப் பதப்படுத்தும் முறையை வளர்த்தது. 2017-ல் அந்தக் காபிக்குப் பாரிஸில் கடை திறக்கப்பட்டது. 2019-ல் ‘அரக்குப் பள்ளத்தாக்கு அரேபிகா’ புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டு குறியீடு பெற்ற ஐந்து காபிகளில் குடகு, சிக்மகளூரு, பாபாபுடன்கிரி, வயநாடு ஆகியவையும் உண்டு. தமிழ்நாட்டுக் காபி ஒன்றுகூட அதில் இல்லை. அரக்கில் முதலில் மாறியது பழம் வாங்கும் முறை. பெயரும் குறியீடும் அதைத் தொடர்ந்து வந்தன.

பட்டாவும் பதிவும்

நிலத்தின் சட்ட நிலையையும் ஐரோப்பிய விதி கேட்கிறது என்றோம். அங்கேதான் மலை ஊர்களுக்குப் பழைய காயம் ஒன்று இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பயிர்செய்யும் பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் 2008-ல் வந்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அந்த உரிமைச் சான்று வழங்குவதை முடக்கிவைத்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் தடையை விலக்கிய பிறகே வேலை நகரத் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் அப்படியே போயின.

பட்டா இருக்கும் இடத்திலும் அது தாத்தா பெயரில் இருக்கும். பேரன்கள் வாய்மொழியாகப் பாகம் பிரித்து உழுவார்கள். தமிழ்நாட்டில் பல இடங்களில் இதுதான் நிலைமை. விவசாயிக்குத் தனித்துவ அடையாள எண், இணையத்தில் அடங்கல், டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு என்று வரும் புதிய ஏற்பாடுகள் எல்லாம் நில ஆவணத்தோடு பிணைந்தவை. ஆவணத்தில் இல்லாதவர் பதிவிலும் இல்லை. பதிவில் இல்லாதவரின் காபி நாளை ‘தோற்றம் தெரியாத சரக்கு’. காட்டைக் காக்கப் போட்ட விதி, காட்டோடு வாழ்பவரையே சந்தைக்கு வெளியே தள்ளும் அபாயம் இதில் இருக்கிறது.

தரவு யாருடையது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. பெயரோடு இணைந்த நில அமைவிடம் தனிநபர் தரவுதான். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். நடைமுறையில், ஏற்றுமதியாளரின் ஆள் வந்து கைபேசியில் புள்ளி எடுத்துப் போனால் அந்தப் புள்ளி அவர் கணினியில் இருக்கும். அடுத்த ஆண்டு வேறொருவருக்கு விற்க விரும்பினால் விவசாயி தன் நிலத்தின் எண்ணையே அவரிடம் கேட்டு நிற்க வேண்டும். முன்பணத்தால் கட்டுண்டவர் இனி தரவாலும் கட்டுண்டு போவார்.

இதே மாவட்டத்தில் இன்னொரு சங்கிலி

தொலைதூரச் சங்கிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலுள்ளதை மறந்துவிடக் கூடாது. 2023-ல் தமிழ்நாடு அரசு தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தொடங்கியது. நுகர்பொருள் வாணிபக் கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு விவசாயிகளிடம் கேழ்வரகை வாங்குகிறது. 2025-26-க்கு அந்த விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். பணம் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது. மறுமுனையில் ரேஷன் கடையின் கைரேகைக் கருவி யார் வாங்கினார் என்பதைப் பதிகிறது.

டிஜிட்டல் மாற்றமும் நிலைத்த விவசாயமும் கைகோக்கும் சங்கிலி என்றால் இதுதான் அருகில் இருப்பது. மானாவாரி நிலத்தில் குறைந்த தண்ணீரில் விளையும் தானியம், கடல் தாண்டாமல் அதே மாவட்டத்துத் தட்டுக்கு வருகிறது. இதிலும் குறையில்லாமல் இல்லை. கொள்முதல் நிலையம் கீழே இருந்தால் மலையிலிருந்து மூட்டையை இறக்கும் வண்டிக்கூலி விவசாயி தலையில். சிட்டா, அடங்கல் இல்லாதவர் விலை தெரிந்தும் வியாபாரியிடமே போவார். இங்கேயும் தடங்கல் முதல் கண்ணியில்தான்.

தானியத்துக்கு மட்டுமல்ல இந்த நிலை. இதே மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் பல தேர்தல்களில் கழுதை மேல்தான் ஏறியிருக்கின்றன. இயந்திரம் நவீனமானதுதான், கடைசி மைல் பழையதாகவே இருந்தது.

எது முதலில்

வத்தல்மலைக்குத் தொழில்நுட்பம் வேண்டாம் என்பதல்ல இங்கே வாதம். எந்த வரிசையில் வேண்டும் என்பதுதான். ஊருக்கு ஒரு பொதுக் களமும் பல்ப்பரும் ஈரமானியும் இருந்தால் பழம் அன்றே ஊரிலேயே பதமாகும். கழுவிய நீர் ஓடையில் கலக்காமல் குழியில் தேங்கிச் சுத்திகரிக்கப்பட வேண்டும். காட்டைக் காக்கும் காபி ஓடையைக் கெடுத்தால் அது நியாயமில்லை. அடுத்தது சரியான தராசும், ஒவ்வொரு மூட்டைக்கும் விவசாயி பெயர், ஊர், தேதி, எடை எழுதிய சீட்டும். தாளில் இந்த ஒழுங்கு வந்துவிட்டால் அதைக் கைபேசியில் ஏற்றுவது ஒரு நாள் வேலை. தாளில் வராதது கைபேசியிலும் வராது.

மூன்றாவது சங்கம். பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கமானாலும், 2020-ல் தொடங்கிய மத்தியத் திட்டத்தின் கீழ் அமையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமானாலும், பெயர் எதுவானாலும் பழத்துக்கு அன்றே ஒரு பகுதி பணம் கொடுக்கும் அளவுக்கு அதனிடம் சுழல்நிதி இருக்க வேண்டும். முன்பணம் தரும் வியாபாரியோடு போட்டி போட வேறு வழியில்லை. நிலப் புள்ளிகளும் மரக் கணக்கும் அந்தச் சங்கத்தின் பெயரில், அதன் கையில் இருக்கட்டும். வாங்க வருபவர் அதைச் சங்கத்திடம் கேட்டுப் பெறட்டும், அதற்கும் சேர்த்து விலை கொடுக்கட்டும். தடம் காட்டுவது விவசாயியின் உழைப்பு; இன்று அதை இலவசமாக வாங்கிக்கொண்டு ‘நிலைத்த காபி’ என்று பொட்டலத்தில் அச்சிடுபவர் வேறொருவர்.

காபி வாரியமும் மாநில அரசின் பழங்குடியினர் நலத்துறையும் தோட்டக்கலைத் துறையும் ஆளுக்கொரு செயலியோடு மலையேறுவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை: வன உரிமை மனுக்களை முடித்து வையுங்கள். களம் கட்டிக் கொடுங்கள். தராசு வையுங்கள். சங்கத்துக்குச் சுழல்நிதி கொடுங்கள். செயலி ஐந்தாவது வேலை. முதல் நான்கையும் செய்யாமல் ஐந்தாவதை மட்டும் செய்தால், வத்தல்மலைக் காபியின் தடம் ஐரோப்பாவரை தெளிவாகத் தெரியும். விலை மட்டும் மலையேறி வராது.